உறிஞ்சுவதா, வெட்டி எடுப்பதா? ஆண்களின் மார்பகச் சத்திரசிகிச்சைக்கு முன்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் மேற்சட்டையைக் கழற்றாமல் ஆண்கள் உள்ளே போக முடியாது. என் தம்பி ஏ.எல். படித்த காலம் தொடங்கி நான்கு திருவிழாக்களுக்கு வெளிவீதியோடு நின்றுவிட்டான். கீரிமலைக் கேணிக்குக் குளிக்கப் போனால் படிக்கட்டில் இருந்து எங்கள் உடுப்புகளுக்குக் காவல். 22 வயதில்தான் ஒரு இரவு, "அண்ணா, நெஞ்சு ஒரு மாதிரி வீங்கிக் கிடக்கு, ஆருக்கும் சொல்லாதேங்கோ" என்றான். அவனைப் போல மறைத்துக்கொண்டு திரியும் பெடியன்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் நெஞ்சு வீங்கியிருப்பது மார்பகச் சுரப்பியாலா கொழுப்பாலா? நிமிர்ந்து படுத்துக்கொண்டு பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மார்பின் இரு பக்கத்திலிருந்தும் முலைக்காம்பை நோக்கி மெல்ல அழுத்திப் பாருங்கள். காம்புக்கு நேர் கீழே வட்டமாக, அழிறப்பர் போல ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பி. எதுவும் தட்டாமல் விரல்கள் காம்புவரை வந்துவிட்டால் பெரும்பாலும் கொழுப்பு. சந்தேகமென்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் சொல்லிவிடும். தம்பிக்கு இரண்டு பக்கமும் அழிறப்பர்தான்.

கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் அவன் நெஞ்சைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "லைப்போசக்சன் போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு. லைப்போசக்சனில் சில மில்லிமீற்றர் துளை வழியே குழாயை விட்டு கொழுப்பை உறிஞ்சுவார்கள். தழும்பு பெரிதாகத் தெரியாது, உடம்பும் சீக்கிரம் தேறும். கொழுப்பு மட்டும் உள்ளவருக்கு அருமையான வழி. ஆனால் இறுகிய சுரப்பி அந்தக் குழாய்க்குள் சுலபத்தில் வராது. சுற்றியுள்ள கொழுப்பு போய், நடுவில் அந்தக் கட்டி மட்டும் முன்பைவிட எடுப்பாகத் தெரியும்.

சுரப்பியை வெட்டி எடுப்பதென்றால், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் பிறை போல ஒரு வெட்டு. நிறம் மாறும் இடத்திலேயே தையல் விழுவதால் தழும்பு நாளடைவில் மங்கும். தழும்பு தடித்து வளரும் உடம்பென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காம்புக்கு அடியில் கொஞ்சம் சதையை விட்டுத்தான் எடுப்பார்கள். முழுவதையும் சுரண்டினால் காம்பு கிண்ணம் போல உள்ளே குழிந்துவிடும். இரத்தம் கட்டுவதும் காம்பில் உணர்ச்சி மரத்துப்போவதும் இதில் வரக்கூடியவை. சுரப்பியும் கொழுப்பும் கலந்திருந்தால் உறிஞ்சி, வெட்டி, இரண்டையும் ஒன்றாகவே செய்வார்கள். பலருக்கு அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். நிறைய மெலிந்து தோல் தொங்குபவருக்குத் தோலையும் வெட்ட வேண்டிவரும், தழும்பு நீளும்.

சும்மா இருப்பதும் ஒரு வழிதான். பருவ வயதுப் பெடியன்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வரும், பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானாக வடியும். 14 வயதுப் பிள்ளையைச் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு அவசரப்பட்டுக் கொண்டுபோக வேண்டாம். வீக்கம் புதிதாக, நோவோடு இருக்கையில் தமொக்சிபென் போன்ற மாத்திரை சிலருக்கு உதவும். ஒரு வருடம் தாண்டி இறுகிவிட்டால் மாத்திரையில் பெரிய பலன் இல்லை.

எந்த வழியானாலும் முதலில் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். ஜிம்மில் யாரோ தந்த ஸ்டீரொய்ட், ஸ்பைரோனோலக்டோன் போன்ற மருந்துகள், ஈரல், சிறுநீரகம், தைரொய்ட் கோளாறு என்று எதுவும் இருக்கலாம். விதையில் உள்ள சிறு கட்டியும் இதைச் செய்யும். ஆகவே வைத்தியர் கீழேயும் பரிசோதிக்க வேண்டும் என்றால் வெட்கப்படாதீர்கள். காரணம் அப்படியே இருந்தால் வீக்கம் திரும்ப வரலாம். ஒரு பக்கம் மட்டும், காம்பை விட்டு விலகி, கல்லுப் போலக் கட்டி இருந்தாலோ காம்பில் இரத்தம் கசிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள்.

சரி, எங்கே செய்வது? யாழ் போதனா வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. ஆனால் விபத்து, புற்றுநோய்க்காரருக்கு அடுத்துத்தான் நம் முறை. தம்பி கிளினிக் கொப்பியோடு மாதக்கணக்கில் காத்திருந்தான். கொழும்புத் தனியாரில் திகதி சீக்கிரம் கிடைக்கும். தியேட்டர், மயக்க மருந்து வைத்தியர், பிறகு போடும் இறுக்கப் பெனியன், திருத்த வேண்டி வந்தால் அதற்கான செலவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள். பலாலியிலிருந்து விமானம் இருப்பதால் பலர் சென்னையை நினைக்கிறார்கள். அங்கே அனுபவமுள்ளவர்கள் நிறையப் பேர். ஆனால் இரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில்தான், அந்த நேரம் வெட்டியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு கிழமையாவது அங்கே தங்க முடியாதவர் போக வேண்டாம். தம்பிக்கு மூன்றாம் நாள் ஒரு பக்கம் நீர் கோத்தபோது மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வாட்டுக்குப் போய்விட்டோம்.

இறுக்கப் பெனியனை 4 முதல் 6 கிழமை போட வேண்டும். சித்திரை வெயிலில் அது பெரிய கொடுமை, மாற்றிப் போட இரண்டாவது வாங்கி வையுங்கள். பாரம் தூக்குவதும் அதுவரை இல்லை. வீக்கம் வடிந்து உண்மையான வடிவு தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். அந்த வருடத் திருவிழாவில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போக நினைப்பவர், மாசி மாதத்துக்குள் திகதி எடுக்கப் பாருங்கள்.