வாசலில் சிவக்கும் மரம்: மேப்பிளா, குல்மோகரா, நாட்டு வாதுமையா?

என் அக்கா மகன் நியூ ஜெர்சியில் குடியேறி 12 ஆண்டுகள் ஆகின்றன. கடலூரில், தேவனாம்பட்டினம் செல்லும் வழியில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அவன் கட்டிய வீடு சென்ற ஆண்டு முடிந்தது. சுற்றுச்சுவருக்கும் முகப்புக்கும் இடையே 25 அடி மண்தரையை அப்படியே விட்டிருக்கிறான். “மாமா, அங்க ஒரு சிவப்பு மேப்பிள் வெச்சுடுங்க. இங்க வாசல்ல இருக்கிற மாதிரியே இருக்கணும்” என்பது அவனுடைய வேண்டுகோள். ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த இடத்தில் எந்த மரம் சிவக்கும், எந்த மரம் நிற்கும் என்பவை இரண்டு தனிக் கேள்விகள். இரண்டுக்கும் சேர்த்து விடை தேடியதில் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் மேப்பிள். ஓர் அக்டோபரில் அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். நான் போய் இறங்கியபோது பச்சையாக இருந்த வாசல் மரம், இரண்டே வாரத்தில் உச்சி முதல் அடிக்கிளை வரை குங்குமமாக மாறி, மூன்றாவது வாரத்தில் புல்தரை முழுவதும் உதிர்ந்து கிடந்தது. மரம் முழுவதும் ஒரே நேரத்தில் நிறம் மாறுவதே அதன் அழகு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து முதல் புளோரிடா வரை, இது இயற்கையாகவே வளர்கிறது. வீட்டுத் தோட்டங்களில் 40 முதல் 60 அடி உயரம் போகும். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிருமாகச் சில நாட்கள் தொடர்ந்தால், இலையில் தங்கிவிடும் சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி உருவாகிறது. குளிர் தாமதித்த ஆண்டில் அங்கேயும் நிறம் மங்கல்தான் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

பராமரிப்பில் அது சாதுவான மரம் என்று சொல்லிவிட முடியாது. பட்டை மெல்லியது, புல்வெட்டும் இயந்திரம் ஒருமுறை உரசினாலும் காயம் பல ஆண்டு ஆறாது. வேர் மண்ணின் மேல்மட்டத்திலேயே ஓடுவதால் நடைபாதைக் கற்களைத் தூக்கிவிடும். தொட்டியில் வளர்த்து விற்கப்படும் கன்றுகளில் வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டு, பிற்காலத்தில் அடிமரத்தையே சுருக்குப் போட்டு இறுக்கும் கோளாறு இந்த மரத்தில் அதிகம். மண் காரத்தன்மை உடையதாக இருந்தால் மாங்கனீசுச் சத்தை எடுக்க இயலாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். அதன் பக்கம் உள்ள பெரிய பலம் ஈரத்தைத் தாங்குவது. சதுப்பு மேப்பிள் என்ற பெயரே அதற்கு அங்கே உண்டு. தென்பெண்ணை கரை மீறி ஊருக்குள் வந்த 2024 டிசம்பரை நினைத்துப் பார்த்தால், நீர் தேங்குவதைப் பொறுக்கும் அந்த ஒரு குணத்துக்காகவே அதைக் கொண்டுவரத் தோன்றும்.

கொண்டுவர இயலாததற்கு முதல் காரணம் குளிர். இலையுதிர்த்து உறங்கும் குளிர்நாட்டு மரங்கள் மீண்டும் சீராகத் துளிர்க்க, பல வாரக் குளிரை அனுபவித்தாக வேண்டும். கடலூரில் மார்கழி, தை இரவுகளிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். மரத்துக்கு அது உறங்கும் காலமே ஆகாது. புளோரிடாவில் வளர்கிறதே என்று மருமகன் வாதிட்டான். அங்குள்ள மரங்கள் தலைமுறை தலைமுறையாகக் குறைந்த குளிருக்குப் பழகிய வழிவந்தவை; அந்த ஊரிலும் குளிர்காலம் என்று ஒன்று உண்டு; அவை நிற்பது பெரும்பாலும் அமிலத்தன்மையுள்ள ஈர மண்ணில். அவன் வாசலில் நிற்பதோ ‘அக்டோபர் குளோரி’ என்னும் தேர்ந்தெடுத்த ரகம், இலை நிறத்துக்காகவே பெயர் பெற்றது. இரண்டாவது காரணம் உப்பு. கடற்காற்றும், கிளிஞ்சல் கலந்த மணலும், கோடையில் உவர்க்கும் ஆழ்துளைக் கிணற்று நீரும் சேர்ந்த இடத்தில், குளிர்பதன அறை கட்டிக் கொடுத்தாலும் அது பிழைக்காது.

இவ்வளவு தெரிந்தும் நான் ஏமாந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இணையக் கடை ஒன்றில் ‘சிவப்பு மேப்பிள் விதை, எந்தத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது’ என்ற அறிவிப்பைப் பார்த்து 20 விதைகள் வாங்கினேன். சிவப்பு மேப்பிளின் விதை அங்கே வசந்தத்தின் முடிவில் முற்றி, ஒற்றைச் சிறகுடன் சுழன்று விழுந்து, பெரும்பாலும் அதே பருவத்தில் முளைத்துவிடுவது. எனக்கு வந்தவற்றில் சிறகே இல்லை. தொட்டியில் முளைத்த இரண்டும் மூன்றாவது வாரத்தில் கீழாநெல்லி என்று தெரிந்தன. அந்தக் கீழாநெல்லி வாங்கிய விதையிலிருந்து வந்ததா, தொட்டி மண்ணிலேயே இருந்ததா என்று கடைக்காரரிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

மேப்பிள் இல்லையென்றால் குல்மோகர் என்பதுதான் பலரும் சொல்லும் அடுத்த யோசனை. மே மலர், செம்மயிற்கொன்றை என்றெல்லாம் வழங்கப்படும் இந்த மரமும் வெளியூர்க்காரர்தான், மடகாஸ்கரிலிருந்து வந்தது. மரம் முழுக்கச் சிவப்பு வேண்டும் என்பது மட்டுமே கணக்கானால், இதற்கு ஈடாக நம் ஊரில் வேறொன்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்கினி நட்சத்திர வெயிலில், மற்ற மரமெல்லாம் வாடி நிற்கையில், இது குடைபோல் பூத்து நிற்பதைப் பார்த்தவர்கள் மேப்பிளைத் தேட மாட்டார்கள். விலை குறைவு, வளர்ச்சி வேகம், நட்ட நான்கைந்து ஆண்டுகளில் பூ.

ஆனால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் வாழ்பவர்கள் எந்த மரத்தையும் 2011 டிசம்பர் 30 என்னும் உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும். அன்று விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் நின்ற மூன்று குல்மோகர்களில் இரண்டு வேரோடு சாய்ந்தன. மூன்றாவது நடுவில் பிளந்து மின்கம்பியின்மேல் கிடந்தது. சாய்ந்த மரத்தின் அடியைப் போய்ப் பார்த்தேன். தட்டுபோல் பரந்த வேர் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கீழே போகவே இல்லை. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரின் அடித்தளக் கல் இரண்டு அந்த வேரோடு மேலே வந்திருந்தன. அகன்ற தலை, இலகுவான கட்டை, ஆழமில்லாத வேர் ஆகிய மூன்றும் சேர்ந்த மரத்தை மணற்பாங்கான நிலத்தில் வைத்தால் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவுமே அந்தப் புயலில் தோப்புத் தோப்பாக விழுந்தன என்பது உண்மை. எந்த மரமும் புயலுக்கு முழு உத்தரவாதம் தராது. இருந்தாலும் வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியில் குல்மோகர் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். பள்ளி மைதானம், ஏரிக்கரை, அகன்ற மனை என்றால் வைக்கலாம்.

எனவே நான் பரிந்துரைத்தது நாட்டு வாதுமை. எங்கள் பக்கத்தில் பாதாம் மரம் என்றால்தான் யாருக்கும் புரியும்; கடையில் விற்கும் பாதாம் பருப்புக்கும் இதற்கும் உறவு கிடையாது என்றாலும், இதன் கொட்டையை உடைத்துத் தின்றிராத கடலோரப் பிள்ளைகள் குறைவு. வெப்பமண்டலத்து மரங்களில் உதிர்வதற்கு முன் இலை நன்றாகச் சிவக்கும் வெகு சில மரங்களில் இது ஒன்று. குளிர் கேட்காது. உப்புக்காற்றும் மணலும் இதற்குப் பிறந்த வீடு. கிளைகள் அடுக்கடுக்காகக் கிடையாக விரிவதால் காற்று இடையில் புகுந்து போகிறது. தானேயில் எங்கள் தெருமுனை மரம் இலை அத்தனையையும் ஒரு மேல்கிளையையும் இழந்து மொட்டையாக நின்றது, பங்குனிக்குள் மறுபடி நிழல் கொடுத்தது.

இலை சிவப்பதை அருகில் நின்று பார்த்தால் மேப்பிளிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்பது விளங்கும். ஒரு சாண் நீளமுள்ள தடித்த இலையின் ஓரத்தில் முதலில் செம்புநிறம் ஏறும்; நரம்புகளுக்கு இடையே திட்டுத் திட்டாகப் பரவும்; நடுநரம்பு மட்டும் கடைசிவரை வெளிறிய மஞ்சளாக இருக்க, மேற்புறம் பழுத்த நாவற்பழச் சாற்றின் நிறத்துக்கு வந்ததும் ஒரு காற்றில் விழுந்துவிடும். பக்கத்து இலை அப்போதும் பச்சையாகவே இருக்கும். மேப்பிளைப் போல மரமே தீப்பற்றியது போன்ற காட்சியை இது தராது. பச்சைக்கு நடுவே சிவப்பு என்பதே இதன் கணக்கு. அதற்கு ஈடாக, தை, மாசியில் ஒருமுறையும் ஆண்டின் நடுவில் இன்னொரு முறையுமாக இருமுறை வரும். மேப்பிளுக்கு ஆண்டுக்கு மூன்று வாரம்தான்.

குறையும் உண்டு. அந்தப் பெரிய இலைகள் மொட்டைமாடியின் மழைநீர்க் குழாயை அடைத்தால், ஐப்பசி மழையில் தண்ணீர் கூரையில் தேங்கும். பழம் பழுத்தால் இரவில் வௌவால் வரும். காரை அடியில் நிறுத்த முடியாது. காய்ந்த இலையில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் சிமென்ட் தரையில் தேநீர்க் கறை போல் படிகிறது. அதே இலையைத்தான் வண்ணமீன் வளர்ப்பவர்கள் தொட்டித் தண்ணீரில் போடுவதற்காகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்; நாம் வாசலில் கூட்டித் தள்ளுவது இணையத்தில் கட்டுக் கட்டாக விற்பனையாகிறது.

பூவரசைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறுதியில் பாதாமுக்கு மேலானது, போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டாலே பிழைப்பது, இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாமல் இந்தப் பக்கத்தில் யாரும் வளர்ந்ததில்லை. காலையில் மஞ்சளாக விரியும் பூ மாலையில் செந்நிறமாக வாடுவதும் அழகுதான். ஆனால் சிவப்பு மரம் கேட்டவனுக்கு அது பதிலாகாது என்பதால் வேலி ஓரத்தில் ஒன்று நட்டதோடு விட்டுவிட்டேன்; அதையும் ஆடு விட்டுவைக்குமா என்று தெரியவில்லை.

நடும் முறையில் மட்டும் மேப்பிளிடம் கற்றதைப் பாதாமுக்குப் பயன்படுத்தினேன். நாற்றுப் பண்ணையில் வாங்கிய கன்றின் பாலித்தீன் பையைக் கிழித்ததும் அடியில் வேர் வளையமாகச் சுற்றியிருந்தது. அதை அப்படியே குழியில் இறக்காமல் சுற்றிய வேரைக் கத்தியால் அறுத்து விரித்தேன். குழி வேர்க்கட்டியைப் போல மூன்று மடங்கு அகலம், ஆழம் கட்டியின் அளவு மட்டுமே. தண்டு வேராக விரியும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். மூடாக்காகத் தென்னைமட்டைத் தூளை மூன்று அங்குலம் பரப்பி, தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் விட்டேன். நம்மூரில் மண்ணைத் தண்டோடு அணைத்து மேடு கட்டுவது வழக்கம். மரக்கன்றுக்கு அது பட்டை அழுகும் வழி. முட்டுக்கொம்பில் கட்டும்போது தண்டு காற்றில் சற்று ஆடும்படி தளர்வாகக் கட்டினேன்; ஆடி வளரும் தண்டுதான் அடியில் பருக்கும். சுவரிலிருந்து 18 அடி, தெரு மின்கம்பியிலிருந்து அதற்கும் சற்றுக் கூடுதல் தூரம் விட்டேன். அடி அடுக்குக் கிளைகளை மரம் 12 அடி உயர்ந்த பிறகே கழிக்கப் போகிறேன்.

புரட்டாசியில் நட்ட கன்று மாசியில் என் தோள் உயரம் வந்தது. கீழ் அடுக்கில் மூன்று இலைகள் சிவந்திருந்தன. வெயில் பின்னாலிருந்து படும்படி படம் எடுத்து நியூ ஜெர்சிக்கு அனுப்பினேன். அங்கே மேப்பிள் அப்போது பனியில் வெறுங்கிளையாக நின்றிருக்கும். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “சூப்பர் மாமா. ஆனா, எலைய யாரு கூட்டுறது?”