விஜயா சொட்டு எண்ணெய் 30 மில்லி: லேபிளில் இல்லாதது

வலிப்புக்கோ ஆட்டிசத்துக்கோ பிள்ளைக்குக் கொடுக்க நினைத்து கஞ்சா எண்ணெயைப் பெரம்பூர் மெடிக்கலில் வாங்கினாலும், ஆன்லைனில் தண்டையார்பேட்டைக்கு வரவழைத்தாலும் முதலில் பெயரைப் பாருங்கள். கஞ்சா விதை எண்ணெய் உணவுப் பொருள்; அதில் சிபிடி (கஞ்சாவில் உள்ள, போதை தராத மருந்துப் பொருள்) இல்லையென்றே சொல்லலாம். மருந்து என்று வருவது ஆயுஷ் உரிமம் உள்ள 'விஜயா', அதாவது கஞ்சா இலைச்சாறு.

இந்தக் குப்பியின் பெரிய குறை, '1500 மி.கி.' என்பது சாற்றின் எடையா சிபிடியா என்று போடாதது. போதை தரும் டிஎச்சி அளவும் இல்லை. அது தெரியாமல் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

முழுக்க சிபிடி என்றே வைத்தாலும் மில்லிக்கு 50 மி.கி.தான். 2018இல் அமெரிக்காவில் டிராவே, லெனாக்ஸ்-கேஸ்டோ வலிப்புகளுக்கு அனுமதி பெற்ற எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி மருந்தில் மில்லிக்கு 100 மி.கி. அதன் தொடக்க அளவு கிலோவுக்கு 2.5 மி.கி., இருவேளை. 20 கிலோ பிள்ளைக்கு அந்தக் கணக்கில் இந்தக் குப்பி 15 நாள் வரும். அளவு இரட்டித்தால் ஏழரை. (காசுக்கணக்குதான், கொடுக்கச் சொல்லவில்லை.) ஆட்டிசத்துக்கு அந்த மருந்துக்கே அங்கு அனுமதி கிடையாது.

டிராப்பர் துல்லியமில்லை, ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்ச் நல்லது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் சிபிடி உடலில் அதிகம் ஏறும். ஒருநாள் வெறும் வயிறு, மறுநாள் நெய்ச்சோறு என்றால் அளவே மாறிவிடும். குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரையும் எடுக்கும் பிள்ளை தூங்கி வழியலாம். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் என்சைம் எகிறலாம்; தொடங்கும் முன்னும், 1, 3, 6 மாதங்களிலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். டாக்டரிடம் சொல்லாமல் வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம்.