ரூபஸா, வென்டாயா? பென்டிரைவ் பூட் ஆகாதபோது எது கைகொடுக்கும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கைமாறி வரும் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் ஏற்றப் போனால், சில நேரம் அது பென்டிரைவைக் கண்டுகொள்ளாமல் நேராகப் பழைய சிஸ்டத்துக்கே போய்விடும். பென்டிரைவை அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம். அதை பூட் ஆகும்படி தயார் செய்த விதத்தில் கோளாறு இருக்கலாம். அப்படித் தயார் செய்யும் மென்பொருள்கள்தான் ரூபஸும் வென்டாயும்.

ரூபஸ் ஒரு பென்டிரைவில் ஒரு ஐஎஸ்ஓவை, அதாவது சிஸ்டத்தை நிறுவும் கோப்பை, மட்டும்தான் எழுதும். அதில் பார்ட்டிஷன் ஸ்கீமை (பென்டிரைவைப் பகுதி பிரிக்கும் முறையை) பார்க்காமல் ஸ்டார்ட் அழுத்தக் கூடாது. ஜிபிடி என்று இருந்தால் யூஇஎஃப்ஐ என்ற புதுவகைத் தொடக்க மென்பொருள் உள்ள மெஷினுக்கு மட்டும் ஆகும்; அதற்கு முந்தைய பயாஸ் உள்ள பழைய மெஷின் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு எம்பிஆர் என்ற இன்னொரு முறை வேண்டும்.

வென்டாயில் இந்தத் தலைவலி குறைவு. ஒருமுறை நிறுவிவிட்டு ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே காப்பி செய்தால் போதும். விண்டோஸ், உபுண்டு எல்லாம் ஒன்றிலேயே கிடக்கும். வழக்கமான எம்பிஆர் அமைப்பில் இரண்டு வகை மெஷினிலும் ஓடும். ஆனால் செக்யூர் பூட் (அங்கீகாரமில்லாத மென்பொருளில் மெஷினைத் தொடங்கவிடாத பாதுகாப்பு) போட்டிருந்தால் முதல் தடவை நீலத் திரையில் ‘வெரிஃபிகேஷன் ஃபெயில்டு’ என்று நிற்கும். ‘என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்’ போய், வென்டாயின் சாவிக் கோப்பைத் தேர்ந்து, ரீபூட் செய்தால் சரியாகிவிடும். பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளர்தான் பயந்துபோவார்.

வீட்டில் ஒரே லேப்டாப் என்றால் ரூபஸ் போதும். தினம் ஒரு மாடல் வரும் கடைக்கு வென்டாய்தான்.

இரண்டிலும் எடுக்கவில்லையா? நீல யுஎஸ்பி போர்ட்டை விட்டுக் கறுப்பில் செருகிப் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கத்து மெஷினென்றால் உப்புக்காற்றில் போர்ட் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.