சேலத்தில் வாங்கிய சோலார், நாகலூர் மூடுபனியில் ஒரு வருஷம்

ஏற்காடு மலையில், நாகலூருக்கு மேலே அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் காபித் தோட்டத்தில் இரண்டு அறை வீடு கட்டி நானும் அம்மாவும் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. ஈ.பி. கம்பம் வெகு தூரத்தில் நின்றுவிட்டது, அதனால் கரண்டுக்கு முழுக்க சோலார்தான். சேலத்தில் இந்த சோலார் கடையில் வாங்கினேன். 540 வாட் பேனல் இரண்டு, 200 ஏ.எச். டியூபுலர் பேட்டரி இரண்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்டை முறைப்படுத்தும் 40 ஆம்பியர் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர், ஸ்டாண்டு, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 1,35,000 ரூபாய்.

வேலை சுத்தம். மத்திய அரசின் 78,000 ரூபாய் வரையிலான மானியம் ஈ.பி. லைனோடு இணைக்கும் சோலாருக்கு மட்டும்தான், உங்களுக்குக் கிடைக்காது என்று முதல் நாளே சொன்னார்கள். நான் விசாரித்த வேறு இடங்களில் இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மாட்ட வந்த தம்பி கூரையைப் பார்த்ததும், காலை பத்து மணி வரை சில்வர் ஓக் நிழல் விழும், ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் பட்டாலே உற்பத்தி நன்றாக இறங்கிவிடும் என்றார். மரத்தை வெட்டச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன், அப்பா ஏற்றிவிட்ட மிளகுக் கொடி அதில்தான் இருக்கிறது. அவரோ காபி காயப்போடும் களத்தின் ஓரத்தில், தரையிலேயே ஸ்டாண்டு அடித்து, தெற்கு பார்த்து மாட்டிக் கொடுத்தார். கோடை மழையில் இங்கே இடி பயங்கரமாக இருக்கும், அதற்கு எர்த்திங்கும் சர்ஜ் பாதுகாப்பும் கேட்காமலே போட்டார்.

குறை என்னவென்றால், கணக்கைச் சேலத்து வெயிலை வைத்துப் போட்டுவிட்டார்கள். லைட், லேப்டாப், சின்ன ஃப்ரிட்ஜ், அரைமணி நேரம் மோட்டார், எல்லாம் சேர்ந்து எங்களுக்கு நாளைக்கு ஒன்றரை யூனிட். வெயில் நாளில் நாலு யூனிட் வரை வரும், பிரச்சனையே இல்லை. நவம்பரில் மழையும் மூடுபனியும் சேர்ந்து பிடித்தபோது நாளெல்லாம் அரை யூனிட்கூட வரவில்லை. பேட்டரியில் இருப்பது 4.8 யூனிட்தான், டியூபுலர் என்பது லெட் ஆசிட் வகை என்பதால் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். மூன்றாம் நாள் ராத்திரி இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது, அம்மா மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாத்திரை தேடினார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கடைக்குப் போய்ச் சொன்னேன். உரிமையாளர் மழுப்பவில்லை, "எங்க தப்புதான் சார், மேல பனி எத்தனை நாள் நிக்கும்னு கேட்டிருக்கணும்" என்றார். பேட்டரியைக் கூட்டலாமா என்றேன். காலியான பேட்டரியை நிரப்பவும் பேனல்தானே வேண்டும், முதலில் அதைக் கூட்டுங்கள் என்றார். இன்னும் இரண்டு பேனல், கூலி வாங்காமல், அசல் விலைக்கே மாட்டிக் கொடுத்தார்கள். நல்ல வெயிலில் கன்ட்ரோலர் 40 ஆம்பியருக்கு மேல் விடாது, நடுப்பகலில் கிட்டத்தட்ட பாதி வீண்தான். பரவாயில்லை, இந்த இரண்டும் பனி நாளுக்காக வாங்கியவை. அதன்பின் மோசமான நாளிலும் முக்கால் யூனிட்டுக்கு மேல் வருகிறது. ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டால் லைட்டும் மோட்டாரும் தடையில்லாமல் ஓடுகின்றன.

மலைக்கு மேலே வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கடையில் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரு வாரம் மூடுபனி நின்றால் நாளைக்கு எத்தனை யூனிட் வரும் என்று கேட்டு, கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்; எங்கள் வீட்டில் இப்போது அம்மாதான் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.