கிளாம்பாக்கம் மாநகரப் பேருந்தில் விமான நிலையம்: ஒரு நீண்ட காலப் பயணியின் அனுபவம்

சென்னையின் தென் புறநகரான வண்டலூரில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்ப்பவன் என்பதால், வார நாள்களில் கிண்டியையும் தாம்பரத்தையும் இணைக்கும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் ஓடும் மாநகரப் பேருந்துதான் எனக்கு எல்லாமும். அலுவலகப் பணியாக ஹைதராபாத்துக்கோ கோவைக்கோ விமானத்தில் செல்ல நேரும்போதும், பல ஆண்டுகளாக அதே பேருந்தில் ஏறி, வழியிலேயே வரும் விமான நிலைய நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு பெட்டியோடு தனியாகப் புறப்படுகிறவருக்கு, எங்கே ஏறுவது, எப்போது ஏறுவது என்ற இரண்டையும் சரியாகக் கணித்துக்கொண்டால், தென் புறநகரிலிருந்து இதைவிடச் சிக்கனமான, நம்பத்தகுந்த வழி வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

எங்கே ஏறுவது என்பதற்கான விடை, 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு எளிதாகிவிட்டது. காலை எட்டு மணிக்கு வண்டலூரிலோ பெருங்களத்தூரிலோ பெட்டியுடன் நின்றால், வருகிற பேருந்துகளில் படிக்கட்டு வரை ஆள் நிற்பார்கள். தாம்பரத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே பெட்டி இருக்கும் நாளில் நான் எதிர்த்திசையில் கிளாம்பாக்கம் சென்று, புறப்படும் இடத்திலேயே ஏறி அமர்ந்துவிடுகிறேன். இதற்காகச் செலவாகும் கால் மணி நேரம் வீண் அன்று. பழைய பேருந்துகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உள்ள எஞ்சின் பெட்டியை ஒட்டிப் பெட்டியை வைக்கலாம். ஆனால் இறங்கும்போது கூட்டத்தைக் கடந்து முன்வாசலுக்கு வர வேண்டியிருப்பதால், பல்லாவரம் தாண்டுவதற்கு முன்பே எழுந்துவிடுவது நல்லது. 2024 ஆகஸ்ட்டில் மீண்டும் வந்த தாழ்தளப் பேருந்துகளில் உயரமான படிகள் இல்லாததால், கனமான பெட்டியைத் தூக்கி ஏற்றும் வேதனை இல்லை. அவற்றின் நடுவில் உள்ள திறந்த இடம் சக்கர நாற்காலிக்கு உரியது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தேவைப்படுகிறவர் வந்ததும் நாம் பெட்டியோடு நகர்ந்துவிட வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, நடுப்பகலில் முக்கால் மணி நேரத்தில் முடியும் பயணம், அலுவலக நெரிசலில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. தாம்பரமும் குரோம்பேட்டையும்தான் நேரத்தை விழுங்கும் இடங்கள். நான் எப்போதும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்கிறேன். நெரிசல் நேரத்துக்கும் ஒரு நன்மை உண்டு: அப்போதுதான் பேருந்துகள் அடுத்தடுத்து வருகின்றன, ஒன்றை விட்டாலும் அடுத்ததைப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் சாலை காலியாக இருந்தாலும் காத்திருப்பு நீள்வதால், மொத்தத்தில் மிச்சமாவது சொற்பமே.

பலர் கவனிக்காத ஒன்று, இறங்கும் பக்கம். தாம்பரத்திலிருந்து கிண்டி நோக்கிச் செல்லும் பேருந்து நம்மை விமான நிலையத்தின் பக்கமே இறக்கிவிடும். கிண்டியிலிருந்து வரும் பேருந்தோ திரிசூலம் ரயில் நிலையத்தின் பக்கம் இறக்கிவிடும், அங்கிருந்து சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடக்க வேண்டும். எந்தப் பக்கம் இறங்கினாலும், விமான முனையத்தின் வாசல் வரை பேருந்து போவதில்லை, நடைதான். உள்நாட்டு விமானங்கள் முனையம் 1, முனையம் 4 ஆகிய இரண்டிலிருந்தும் புறப்படுவதால், எந்த முனையம் என்பதைப் பயணச்சீட்டில் பார்த்துவிட்டு இறங்கினால், வெயிலில் வீணாக அலைய நேராது. என் கருத்தில், இந்த வழியில் முதியவர்களை அழைத்துச் செல்லத் தயங்க வைப்பது பேருந்துக் கூட்டத்தைவிட இந்த நடைதான். என் அம்மாவை வழியனுப்பும்போது நான் வாடகைக் காரைத்தான் அமர்த்துகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கிளாம்பாக்கத்திலிருந்து செல்வதற்கு அதைவிடக் கூடுதல் என்றாலும், வாடகைக் காருக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கே ஆகிறது. பெரிய பெட்டிக்கு நடத்துநர் தனியாக லக்கேஜ் சீட்டு கேட்டால் வாங்கிக்கொள்வதே முறை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், விமான நிலையத்தில் துப்புரவுப் பணியும் கடைப் பணியும் செய்யும் பெண்கள் பலர் இந்தப் பேருந்துகளில்தான் வருகிறார்கள். எந்த வாசல் எந்த முனையத்துக்கு அருகில் என்பதை அவர்களைப் போலத் தெளிவாகச் சொல்வோர் இல்லை.

திரும்பும் பயணம் இவ்வளவு சுகமானதன்று. மாலை ஆறு மணிக்கு மேல் விமானம் இறங்கினால், கிண்டியிலேயே நிரம்பிவிட்ட பேருந்துதான் கிடைக்கும். உட்காரும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதான். புறநகர் மின்ரயில் ஒரு மாற்று வழி என்றாலும், திரிசூலத்திலிருந்து தாம்பரம் செல்வதற்குக் கிடைக்கும் அளவுக்கு, அதைத் தாண்டி வண்டலூர் வழியாகச் செங்கல்பட்டு வரை செல்லும் ரயில்கள் இல்லை. எனவே நான் எட்டரை மணி வரை விமான நிலையத்திலேயே இருந்து, காப்பி குடித்துவிட்டு, கூட்டம் தணிந்த பிறகு சாலைக்கு வருகிறேன். அந்த நேரத்தில் வரும் பேருந்துகளில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கவாவது இடம் இருக்கும்.

மெட்ரோ ரயில் 2016 செப்டம்பரிலேயே விமான நிலையத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அது நகரத்தின் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கே பயன்படுகிறது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15.5 கிலோமீட்டருக்கு அதை நீட்டிக்கும் திட்டம் நிறைவேறும் வரை, வண்டலூர்க்காரர்களுக்கும், விழுப்புரம், திருச்சி பக்கத்திலிருந்து வந்து கிளாம்பாக்கத்தில் இறங்கி விமானம் ஏறச் செல்வோருக்கும் இந்தப் பேருந்தையே பரிந்துரைப்பேன். அதற்குள் வார நாள் காலைகளில் சில பேருந்துகளையாவது விமான முனையத்தின் வாசல் வரை விட்டால், அம்மாவையும் இதிலேயே அழைத்துச் செல்வேன்.