8 எம்பி ரௌட்டரில் ஐந்து வருடம்: ஷேர்டு லைப்ரரியா, ஸ்டாட்டிக் பைனரியா?

குமரி மாவட்டம் குலசேகரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய ரௌட்டர் 2020-லிருந்து மழையை எண்ணிக்கொண்டிருக்கிறது. மழைமானியின் கிண்ணம் சாயும்போது மூடித் திறக்கும் ஸ்விட்சை, ரௌட்டரில் வைஃபை இணைப்புக்கான டபிள்யூபிஎஸ் பட்டனுக்குக் குறுக்கே சால்டர் செய்திருக்கிறேன். ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டர். பட்டன் அமுங்கியதாக நினைத்து, ரௌட்டரில் ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும், அது கணக்கில் ஒன்றைக் கூட்டும். விடியற்காலையில் "மக்கா, ராத்திரி மழ எவ்வளவு?" என்று அப்பா கேட்பார். ரப்பர் பால்வெட்டுக்குப் போவதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

எண்ணுவது எளிது. அந்த எண்ணை ஹெச்டிடிபிஎஸ் வழியாக வெளியே அனுப்புவதுதான் ஐந்து வருடத் தலைவலி. பிளாஷ் மொத்தம் 8 எம்பி. ஃபர்ம்வேர் போக எனக்கு மிஞ்சியது ஒன்றரை எம்பி சொச்சம். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய ரெடிமேட் கோடு, அதாவது லைப்ரரி, புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்திருந்தால் ஸ்டாட்டிக். தனி ஃபைலாக இருந்து பல புரோகிராம்கள் பகிர்ந்துகொண்டால் ஷேர்டு. எது இந்த இடத்துக்குள் அடங்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் கோ மொழியில் எழுதினேன். எந்த லைப்ரரியையும் எதிர்பார்க்காத ஒரே ஃபைல், தூக்கிப் போட்டால் ஓடும் என்ற ஆசை. ஓடவில்லை, 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழுந்தது. ரௌட்டரில் இருக்கும் இந்த மிப்ஸ் வகை சிப்பில் தசமக் கணக்குக்கான வன்பொருள் கிடையாது. கோ 1.10-லிருந்து அதற்கு சாஃப்ட்ஃப்ளோட் என்று ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டதும் ஓடியது. ஆனால் டீபக் தகவலை எல்லாம் உரித்த பிறகும் 4 எம்பிக்கு மேல். பென்டிரைவில் வைத்தேன். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில், பென்டிரைவின் ஃபைல் சிஸ்டம் ஒரே மாதத்தில் கெட்டது.

அப்புறம் சி மொழி. லேப்டாப்பில் வழக்கமான மிப்ஸ் கம்பைலரில் செய்து காப்பி பண்ணினால் 'நாட் ஃபவுண்ட்' என்கிறது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! அரை நாள் போன பிறகுதான் புரிந்தது: காணோம் என்று அது சொன்னது என் ஃபைலை அல்ல, அதை ஏற்றிவிட வேண்டிய லோடரை. என் பைனரி, லேப்டாப் லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியின் லோடரைத் தேடியது, ரௌட்டரில் இருப்பதோ மசல் என்ற வேறொரு சி லைப்ரரி. மசலில் லோடரும் சி லைப்ரரியும் ஒரே ஃபைல்.

எங்கள் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் எல்லா வீட்டிலும் இருக்காது. ஒரு வீட்டில் இருந்தால் சுற்றியுள்ள நாலு வீட்டுக்காரர்களும் அங்கே கொண்டுபோய் அடிப்பார்கள். ஷேர்டு லைப்ரரியின் லாபமும் அதே கணக்குதான். ஐந்து வீடு வந்தால் லாபம், நீங்கள் ஒருவர் மட்டும் பயன்படுத்த முழு ரோலரை வாங்கி வைத்தால் நஷ்டம். ஸ்டாட்டிக்காக இணைக்கும்போது லைப்ரரியிலிருந்து தேவையான துண்டுகள் மட்டுமே வரும். ஷேர்டு என்றால் ஒரு ஃபங்ஷனுக்காக முழு லைப்ரரியும் வந்து உட்காரும். ஆகவே ஒரே ஒரு புரோகிராம் மட்டும் தேடும் லைப்ரரி என்றால் ஸ்டாட்டிக்தான் சிறியது. இதைப் பலரும் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

என் விஷயத்தில் ரோலர் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது. 21.02 பதிப்பிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி, ஹெச்டிடிபிஎஸ்ஸுக்காக வுல்ஃப்எஸ்எஸ்எல் லைப்ரரியைக் கூடவே கொடுத்தது. அதோடு இணைத்ததும் என் புரோகிராம் 15 கேபி கூட இல்லை. இரண்டு வருடம் நிம்மதி.

23.05-க்கு மாறிய அன்று நிம்மதி போயிற்று. வுல்ஃப்எஸ்எஸ்எல்லை எடுத்துவிட்டு எம்பெட்டிஎல்எஸ் என்ற வேறொரு லைப்ரரியை வைத்துவிட்டார்கள். என் 15 கேபி அநாதை. திரும்ப எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டாட்டிக்காக இருந்திருந்தால் அப்படியே ஓடியிருக்கும், பாதுகாப்பு ஓட்டை இருந்தால் அந்த ஓட்டையோடும் ஓடியிருக்கும்.

லைப்ரரியை மட்டும் புதுப்பித்தால் எல்லாம் சரியாகும் என்பதும் இந்த மாதிரிப் பெட்டியில் பாதி உண்மைதான். மூல ஃபர்ம்வேர் இருப்பது ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற, எழுத முடியாத ஃபைல் சிஸ்டத்தில். புதிய லைப்ரரி அதற்கு மேலுள்ள, எழுதக்கூடிய மேலடுக்கில் உட்காரும், பழையது கீழே அதே இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். நான் ஒருமுறை சி லைப்ரரியையே இப்படிப் புதுப்பிக்கும்போது கரண்ட் போனது. பாதி எழுதிய லைப்ரரியை நம்பி ஒரு கட்டளைகூட எழவில்லை. பூட் ஆகும்போது பட்டனை அமுக்கி ஃபெயில்சேஃபில் நுழைந்தேன். அது மேலடுக்கைத் தொடாமல் மூல ஃபர்ம்வேரை மட்டும் ஏற்றும். அதனால் பிழைத்தது. அதற்குப் பிறகு புதுப்பிப்பது எதுவானாலும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் இமேஜ் பில்டரில் முழு ஃபர்ம்வேராகக் கட்டித்தான் ஏற்றுகிறேன். என் புரோகிராமும் அதற்குள்ளேயே ஷேர்டாகப் போகிறது.

போன ஐப்பசியில் மறுபடியும் இரண்டு நாள் கணக்கு வரவில்லை. லைப்ரரிதான் என்று மணிக்கணக்கில் தோண்டினேன். கடைசியில் பார்த்தால், கொட்டும் மழையில் கரண்ட் திரும்பி வந்த அந்தச் சில நொடிகளில் மழைமானி சாய்ந்திருக்கிறது. பட்டனை யாரோ அமுக்குகிறார்கள் என்று ரௌட்டர் தானாக ஃபெயில்சேஃபுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஃபெயில்சேஃபை அணைத்து வைக்க வழி இருக்கிறது, எனக்கு மனம் வரவில்லை. மழைமானி ஒயரில் ஒரு டைமர் ரிலே போட்டு, கரண்ட் வந்து ஒரு நிமிடம் கழித்து இணையும்படி விட்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிட மழை மட்டும் அப்பாவின் கணக்கில் வராது.