அப்பா வழியா, அம்மா வழியா: நாஞ்சில் நாட்டுக் குடும்பத்துக்கு எந்த டிஎன்ஏ சோதனை?

முன்னோரைத் தேட இரண்டு டிஎன்ஏ சோதனைகள் உண்டு. ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். ஆனால் மகள்கள்தான் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார்கள். அதனால் ஒய் சோதனைக்குப் பெண்கள் தங்கள் அப்பாவையோ கூடப்பிறந்த அண்ணன் தம்பியையோ அப்பா வழி ஆண் உறவினரையோதான் எச்சில் மாதிரி கொடுக்கச் சொல்ல வேண்டும்.

பொதுவாக நான் ஒய் பக்கம்தான். அது பல கோடி டிஎன்ஏ எழுத்துகள் நீளம்; நீளம் கூடினால் தலைமுறைகளைப் பிரித்துக்காட்டும் மாற்றங்களும் கூடும். மைட்டோகாண்ட்ரியாவோ சுமார் 16,569 எழுத்துதான். இரண்டு பேருக்கு அது அச்சு அசலாக ஒத்துப்போனாலும், பொதுப்பாட்டி ஆயிரக்கணக்கான வருடம் முன்னால் வாழ்ந்தவளாக இருக்கலாம்.

ஆனால் நம்ம பக்கம் கதை வேறு. 1956 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த இந்த மண்ணில், நாஞ்சில் நாட்டு வேளாளர் உட்படப் பல குடும்பங்கள் அந்தக் காலத்தில் மருமக்கள்வழி. பழைய சொத்துப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: காரணவருக்கு (குடும்பத் தலைவருக்கு) அப்புறம் உரிமை வந்தது அவர் மகனுக்கு அல்ல, அக்கா தங்கை பிள்ளைக்கு. ஒய் அந்த வரிசையில் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். தறவாட்டுக் (தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின்) கிளையைத் தேடுகிறவர்கள் மைட்டோகாண்ட்ரியாவின் எல்லா எழுத்தையும் படிக்கும் முழு வரிசைச் சோதனையையே முதலில் எடுங்கள், பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

எதை எடுத்தாலும் ஐந்து தலைமுறைக்கு முந்தைய 32 பேரில் ஒருவரின் தடம்தான் கிடைக்கும்.